சூடான பின் கிளம்பாத வண்டி

பிப்ரவரி 5, 1984
குளிர்காலக் குடில்

ஆந்தரஸ்,

இந்தக் கடிதம் பனிவண்டியைப் பற்றியது. வேறு எதைப் பற்றியும் இல்லை.

காலையில் அது நன்றாகவே கிளம்புகிறது. நேற்று மைனஸ் முப்பத்தாறு. சோக்கை இழுத்து வைத்தேன், இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு குறையும் இல்லை. நிறுத்தினால்தான் வினை. பத்து நிமிடம் கழித்துக் கயிற்றை இழுத்தால் இருமுகிறது, கிளம்புவதில்லை. முப்பது முறை, நாற்பது முறை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பிவிடுகிறது. குளிரில் கிளம்பும், சூட்டில் கிளம்பாது. நவம்பரில் தொடங்கியது. தானே சரியாகிவிடும் என்று விட்டுவைத்தேன்.

வியாழக்கிழமை மேற்குக் குன்றின் அடியில் நின்றுவிட்டது. மூடுபனி இறங்கியதால் ஆறும்வரை காத்திருக்க முடியவில்லை. சறுக்குக் கட்டைகள் வண்டியில் இருந்தன. பதினொரு கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே குடிலுக்கு வந்தேன்.

என் தம்பி நீலஸ் நல்லெண்ணத்தோடு பேசுகிறான், அதுதான் பயமாக இருக்கிறது. "அக்கா, அந்தச் சனியன ஓரங்கட்டு. வசந்தத்துல உன் மானையும் சேத்து நானே ஓட்டிட்டுப் போயிடறேன். நீ ஊர்ல உக்காந்து காபி குடி." ஏப்ரல் கடைசியில் பனிமான் மந்தை கோடை மேய்ச்சலுக்குக் கடற்கரைக்குப் புறப்படும். நின்றால் கிளம்பாத வண்டியோடு வரும் ஒருத்தியை அவன் கூட்டிப்போக மாட்டான். அவன் இடத்தில் இருந்தால் நானும் கூட்டிப்போக மாட்டேன். ஆனால் ஒரு வசந்தம் கையை விட்டேன் என்றால், அதன் பிறகு அவை காதில் என் குறி வெட்டிய அவனுடைய மான்கள்.

ஊர்ப் பட்டறையில் பதினைந்து நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். மான்களைப் பதினைந்து நாள் எங்கே விட்டுவிட்டுப் போவது என்று அவர்கள் சொல்லவில்லை.

வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டியைப் பிரித்துப் பூட்டியவன் நீ. எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்று எழுது. ஊர்க் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிடாதே. அங்கே மாவு வாங்க நிற்பவர்களுக்கெல்லாம் காது உண்டு.

ரவ்னா

*

பிப்ரவரி 13
துறைமுகம், படகுப் பட்டறை மாடி

ரவ்னா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரிக்கத் துணிவில்லாமல் ஒரு டீசல் பம்பை முழுசாகக் கழுவி முடித்தேன். பிறகு பிரித்தால், வண்டி. ஒரு கோளாறைப் பற்றி இத்தனை சந்தோஷமாக நான் படித்ததே இல்லை. கோபப்படாதே. பதினொரு கிலோமீட்டர் என்ற இடத்தை மறுபடி படித்தபோது சந்தோஷம் போய்விட்டது.

சரி, வேலையைப் பார்ப்போம்.

அடுத்த முறை கிளம்பவில்லை என்றால் நாற்பது முறை இழுக்காதே, உன் தோளுக்கு ஆகாது. மூன்று முறை போதும். பிறகு முன்மூடியைத் திறந்து இரண்டு ப்ளக்கையும் கழற்று. ஸ்பானர் இருக்கைக்கு அடியில் தோல்பையில் இருக்கிறது. நுனியைப் பார். காய்ந்திருக்கிறதா, பெட்ரோலில் நனைந்திருக்கிறதா? ஒன்று மட்டுமா, இரண்டுமா? அதை மட்டும் எழுது. வேறு எதையும் தொடாதே. ஒரு நேரத்தில் ஒன்றில்தான் கை வைக்க வேண்டும். இரண்டில் வைத்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

அவசரத்துக்கு ஒரு வழி: சோக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு முறை இழு. சில நேரம் கிளம்பும். நம்பி மலை ஏறாதே.

மெக்கானிக்காக ஒரு கேள்வி. ஏன் அடிக்கடி நிறுத்துகிறாய்? என் கையில் இருந்தவரை இது சூட்டில் மக்கர் பண்ணியதே இல்லை. காரணம் எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

நீ கேட்காததற்கும் பதில் எழுதிவிடுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். மூன்று வேளையும் மீன். இனி வால் முளைக்க வேண்டியதுதான் பாக்கி. ஜன்னலைத் திறந்தால் காயப்போட்ட மீன் வாடை. இதில் பிறந்தவன்தான் நான், ஆனாலும் மூக்கு மறந்துவிட்டிருக்கிறது.

ஆந்தரஸ்

*

பிப்ரவரி 22
குடில்

ஆந்தரஸ்,

இரண்டும் நனைந்திருந்தன. நுனியிலிருந்து சொட்டியது. கையுறையைக் கழற்றிக் கையால் தொட்டுப் பார்த்தேன், பெட்ரோல்தான். மூன்று நாள், மூன்று முறை, மூன்றிலும் அப்படியே. ஆக்சிலேட்டரை அழுத்தி இழுத்ததில் இரண்டு முறை கிளம்பியது, ஒரு முறை இல்லை. பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள், அதனால் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன்: நேரம், குளிர், எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை இழுப்பு. வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன்.

நிறுத்துவது கேட்பதற்கு. நம் கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வருடமும் நீ இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே மான்களைப் பார்த்தாய். சிகரெட் முடியும் வரை பார்ப்பாய், பிறகு நகர்வாய். மேல்பனி எவ்வளவு இறுகியிருக்கிறது, பனிக்கடியில் பாசியைத் தேடி எத்தனை ஆழம் தோண்டுகின்றன, மணி கட்டிய மான்பசு எந்தப் பக்கம் திரும்புகிறது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. இதைப் பல முறை சொல்லியிருக்கிறேன். "சரி சரி" என்பாய்.

இன்ஜின் நின்றதும் முதல் ஒரு நிமிடம் காதில் எதுவும் விழாது. அதற்குள் நீ வருகிறாயா என்று பின்னால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். பழக்கம்.

அடுத்து என்ன பார்க்க வேண்டும்?

ரவ்னா

*

மார்ச் 1
துறைமுகம்

ரவ்னா,

அட்டவணை வேண்டும். அனுப்பு.

இரண்டும் நனைந்திருக்கிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பெட்ரோல் அளவுக்கு மேல் வருகிறது, அல்லது சரியாகத்தான் வருகிறது, கொளுத்தும் பொறி சூட்டில் செத்துவிடுகிறது. பொறியைக் கொடுக்கும் இக்னிஷன் காயில் பழசானால் அப்படி ஆகும். குளிரில் நன்றாக இருக்கும், சூடேறினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று விட்டுப்போகும்.

இதற்கு நம் பக்கத்தில் ஒரு வசதி உண்டு, பனிக்குப் பஞ்சமில்லை. வண்டி நின்று கிளம்பாதபோது ஒரு பையில் பனியை அடைத்துக் காயில் மேல் வை. இடது பக்கம், தடித்த கறுப்பு ஒயர் புறப்படும் இடத்தில் சோப்புக்கட்டி அளவுக்கு இருக்குமே, அது. பதினைந்து நிமிடம். உடனே கிளம்பினால் காயில்தான் குற்றவாளி, இங்கிருந்து புதிது அனுப்புகிறேன். கிளம்பவில்லை என்றால் எழுது, அடுத்ததைப் பார்ப்போம்.

இங்கே காட் மீன் பருவம். படகுகள் வரிசையில் நிற்கின்றன. காலையில் ரேடியோவில் கடல் வானிலை முடிந்ததும் உள்நாட்டு வானிலை சொல்வார்கள். முதலாளி தூர்வால் அணைக்கப் போவார், நான் கையைப் பிடித்துக்கொள்வேன். இன்றைக்குக் கேட்டேவிட்டார். "ஏம்ப்பா, படகு ரிப்பேர் பண்றவனுக்கு மலைமேல எத்தன டிகிரின்னு எதுக்கு? அங்க மீன் புடிக்கப் போறியா?" சும்மா கேட்கிறேன் என்றேன். "சும்மா கேக்கறவன் மூச்ச நிறுத்திட்டுக் கேப்பானா?" என்றார்.

இன்று உன் பக்கம் மைனஸ் இருபத்தொன்று, மேற்கிலிருந்து காற்று. சரியா?

ஆந்தரஸ்

*

மார்ச் 11
குடில்

ஆந்தரஸ்,

அன்று குடிலில் மைனஸ் இருபத்தாறு. உன் ரேடியோ ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறது.

காயில் இல்லை. பனி வைத்தேன், கரைந்தது. இன்னொரு முறை வைத்தேன். கிளம்பவில்லை. அன்றைக்குச் சறுக்குக் கட்டைகளை எடுத்துப் போகவில்லை, அது என் முட்டாள்தனம். முழங்கால் அளவு பனியில் ஒன்பது கிலோமீட்டர். இடது பெருவிரல் வெளுத்துவிட்டது. அடுப்பருகே உட்கார்ந்து தேய்த்தபோது வலி வந்தது, வலி வந்தால் நல்லது என்பார்கள். நகம் போய்விடும்.

நீலஸ் இம்முறை சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. "ஈஸ்டர் வரைக்கும்தான் அக்கா. அதுக்குள்ள சரியாச்சுன்னா நீ வா. இல்லன்னா நான் சொன்னதுதான். வயித்துல கன்னோட இருக்கற பசுங்க, நடுவுல நின்னுட்டு உன்ன தேடிக்கிட்டிருக்க முடியாது." அவன் சொல்வது நியாயம்.

அடுத்தது எதுவோ அதைச் சீக்கிரம் எழுது. உன் கடிதம் வந்து சேர ஆறேழு நாள், என்னுடையது போக ஆறேழு நாள். ஒரு கடிதத்துக்கு ஒரு சோதனை என்றால் வேனில் வந்துவிடும்.

காபியை இன்னமும் நம் இரண்டு பேருக்கே போடுகிறேன். கை அளவு மாறவில்லை. மீதியை மறுநாள் சூடாக்கிக் குடிக்கிறேன். நீ இருந்தால் முகம் சுளித்திருப்பாய்.

ரவ்னா

*

மார்ச் 18
துறைமுகம்

ரவ்னா,

விரலைத் துணியால் கட்டி வை, நனையவிடாதே. ஊரில் நர்ஸிடம் காட்டு. காட்ட மாட்டாய் என்று தெரியும்.

இதைப் பார். வண்டியை நிறுத்த ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே ஓடும் வண்டியில் பெட்ரோல் குழாயை மூடிவிடு. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது பாதி தீரட்டும். பிறகு நிறுத்து. பத்து நிமிடம் கழித்துக் குழாயைத் திறந்து இழு. கிளம்பினால், கிண்ணத்தில் மிதவை தூக்கும் ஊசி தேய்ந்து பெட்ரோலைக் கசியவிடுகிறது என்று அர்த்தம்.

இனி எழுதுவதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. நீ விரும்பவில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்.

இலையுதிர் காலத்தில் கன்றுகளுக்குக் குறி போட்ட அந்தப் பட்டியை விட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை. எழுநூறு மான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, புழுதி, கூச்சல், கையில் சுருக்குக் கயிறு. ஒரு சாம்பல் கன்று. அதைப் பிடித்து உன் குறியைக் காதில் வெட்டினேன். விட்டதும் அது நேராக ஓடி மாத்தேயின் பசுவிடம் பால் குடித்தது. அடுத்தவன் கன்றின் காதில் நம் குறி. எல்லோரும் நின்றுவிட்டார்கள். நீலஸ்தான் முதலில் பேசினான். "மச்சானுக்குச் செதில் சீவத்தான் தெரியும், காது வெட்டத் தெரியாது. விடுங்கப்பா, கடல்காரரு!" சிரித்தார்கள். மாத்தேயும் சிரித்தான். சிரித்ததால் அது திருட்டு ஆகவில்லை, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் கன்றை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் நான். இன்னொருத்தி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஒன்பது வருடம் கடல்காரன் என்று கூப்பிட்டதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. அந்த இரண்டு நிமிடம்தான்.

ஆந்தரஸ்

*

மார்ச் 27
குடில்

ஆந்தரஸ்,

குழாயை மூடிப் பார்த்தேன். அப்போதும் கிளம்பவில்லை. மிதவையும் இல்லை, ஊசியும் இல்லை.

இனி உனக்கு எழுதி இரண்டு வாரம் காத்திருக்க எனக்கு நாள் இல்லை. மூடியைத் திறந்து வைத்து உட்கார்ந்து யோசித்தேன். பெட்ரோல் கூடுதலாக உள்ளே வர வேறு எந்த வழி இருக்கிறது? குளிரில் கிளம்புவதற்காகக் கூடுதல் பெட்ரோலை விடுவது சோக். அதன் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே கைப்பிடியிலிருந்து கார்புரேட்டர் வரை போனேன். கைப்பிடியில் அந்தச் சின்ன நெம்புகோல் ஒரு நூல்கூட ஆடவில்லை. கேபிள் விறைத்து நிற்கிறது. நெம்புகோலைக் கீழே தள்ளினாலும் உள்ளே இருக்கும் குட்டி அடைப்பான் முழுசாகக் கீழே உட்காராமல் தொங்குகிறது. அதாவது நவம்பரிலிருந்து சோக் பாதி திறந்தபடியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேபிள் முனையில் நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். நெம்புகோல் தீக்குச்சி கனத்துக்கு ஆடியது. ஏரியைச் சுற்றி ஓட்டினேன், நிறுத்தினேன், பத்து நிமிடம் நின்றேன், ஒரே இழுப்பு. ஏழு முறை செய்து பார்த்தேன். ஏழு முறையும் ஒரே இழுப்பு. ஏரி நடுவில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். யாருமில்லை.

பிறகு அந்த நட்டை மறுபடி பார்த்தேன்.

நீ இறுக்கும் ஒவ்வொரு நட்டிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைப்பாய், நகர்ந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த நட்டிலும் இருந்தது. பழைய பொட்டு உடைந்து, அதன் மேல் புதுசாக இன்னொன்று. அக்டோபரில் நீ போவதற்கு முன் இறுக்கியிருக்கிறாய்.

அப்படியானால் உனக்குத் தெரியும். முதலில் ப்ளக், பிறகு காயில், பிறகு ஊசி. ஒரு நேரத்தில் ஒன்று. கடிதத்துக்கு ஒன்று. நான் பையில் பனியை அள்ளிக்கொண்டு நின்றேன்.

பட்டியைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் உண்டு. ஆனால் இன்று எழுதினால் அது பதிலாக இருக்காது.

ரவ்னா

*

ஏப்ரல் 2
துறைமுகம்

ரவ்னா,

தபால்காரர் கொடுத்த இடத்திலேயே நின்று படித்தேன். எதையும் மறுக்கப் போவதில்லை.

இறுக்கியது நான்தான். போகிற அன்று காலை. நீ மந்தையோடு இருந்தாய். ஜனவரிக் குளிரில் நீ தனியாக அந்தக் கயிற்றை இழுப்பாய், உன் வலது தோள் ஏற்கெனவே சரியில்லை. சோக் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் ஓர் இழுப்பு மிச்சமாகும் என்று நினைத்தேன். போகிறவன் அதையாவது செய்துவிட்டுப் போகலாமே என்று. நான் இன்ஜினை நிறுத்தும் பழக்கமில்லாதவன். சூட்டில் என்ன ஆகும் என்று அந்தக் காலையில் எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் கடிதம் படித்தபோது தோன்றியதா என்றால், மங்கலாக. இரண்டு ப்ளக்கும் நனைந்திருக்கிறது என்று நீ எழுதியபோது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. 'கேபிளைத் தளர்த்து' என்று ஒரு வரி எழுதி உறையில் போட்டேன். பிறகு வெளியே எடுத்தேன். அந்த ஒரு வரியோடு உன் கடிதங்கள் முடிந்துவிடும். காயிலைப் பற்றி எழுதினேன். அது பொய்யில்லை, எந்தப் பட்டறையிலும் பார்ப்பார்கள். ஆனால் முதலில் சொல்ல வேண்டியது அது இல்லை. இன்னும் இரண்டு கடிதம் வரும் என்று கணக்குப் போட்டேன். நீ முழங்கால் பனியில் நடப்பாய் என்று போடவில்லை. வெளுத்த விரல் என்று படித்த பிறகும், கோபத்தோடு கோபமாக, பட்டியைப் பற்றி எழுதினேன். அடுத்த கடிதத்தில் சொல்லிவிடலாம் என்று ஊசியை எழுதினேன்.

மெக்கானிக் ஒருவன் செய்யக்கூடாத வேலை இது. வேறு எந்த மாதிரி ஆளும் செய்யக்கூடாது.

விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

ஆந்தரஸ்

*

ஏப்ரல் 9
துறைமுகம்

ரவ்னா,

இன்று உள்நாட்டில் மைனஸ் ஒன்பது, தெளிவான வானம். ஊரில் உட்கார்ந்து சொல்லும் ரேடியோ சொன்னது.

தபால் வண்டி இரண்டு முறை வந்து போய்விட்டது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்துத் தபால்காரர் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார். நடந்து வரும் சிரமம் எனக்கு மிச்சம்.

வேறொன்றும் கேட்கவில்லை.

ஆந்தரஸ்

*

ஏப்ரல் 15, குருத்தோலை ஞாயிறு
ஊர்

ஆந்தரஸ்,

நகம் விழுந்துவிட்டது. விரல் இருக்கிறது.

இரண்டு வாரம் கோபமாக இருந்தேன். மூன்றாவது வாரம் கோபத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. நீ செய்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அந்த ஒன்பது கிலோமீட்டரை நான் நடந்தேன், நீ நடக்கவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் ஒரு ஆளை வைத்திருப்பது எப்படி என்று எனக்கும் தெரியும். உன்னை ஆறு மாதம் வைத்திருந்தேன்.

ஈஸ்டர் கல்யாணங்களுக்காக எல்லோரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். இன்று ஆராதனை முடிந்து நீலஸ் வீட்டில் காபி. மாத்தேயும் அவன் மனைவியும் இருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சு எப்படி என்று உனக்குத் தெரியும், பனி இறுக்கம், பாசி, யார் வீட்டில் கல்யாணம். நடுவில் நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், வகுப்பில் பேசுவது போல் சத்தமாக வந்துவிட்டது.

"மாத்தே, உன் சாம்பல் கன்ன ஆந்தரஸ் எடுக்கல. நான்தான் கை காட்டினேன். எங்க பசு பின்னாடி ஓடுதுன்னு நெனச்சேன். அவர் 'நிச்சயமா?'ன்னு கேட்டார். நிச்சயம்னு சொன்னேன்."

மாத்தே சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்தான். அவன் மனைவிதான் கேட்டாள், "அப்பவே சொல்றதுக்கென்ன?"

அவளுக்குச் சொன்ன பதிலை உனக்கும் எழுதுகிறேன். உன் தவறு என்றால் சிரிப்பார்கள். என் தவறு என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். என் அப்பாவின் மகள், பிறந்ததிலிருந்து பட்டியில் நிற்பவள், அடுத்தவன் கன்றைத் தெரியாமல் வெட்டச் சொன்னாள் என்று யார் நம்புவார்கள்? கன்று அந்தப் பசுவின் மடியில் முட்டிய கணத்திலேயே இதெல்லாம் எனக்குள் ஓடிவிட்டது. உன்னைக் கடல்காரன் என்றார்கள், நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நீலஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். திரும்பி நின்றுகொண்டே பேசினான்.

"நான் அவர செதில் சீவறவர்னு சொன்னேனே அக்கா."

"சொன்ன."

"எல்லார் முன்னாடியும்."

"ஆமா."

"நீ கேட்டுட்டுதான இருந்த?"

"கேட்டுட்டுதான் இருந்தேன்."

"நல்லா இருக்கு" என்றான். "ரொம்ப நல்லா இருக்கு. இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மச்சான்கிட்டப் பேசறது?" பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மாத்தே கிளம்பும்போது, இந்த இலையுதிர் காலத்தில் ஈடாக என் கன்று ஒன்றை அவன் குறி போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. சரி என்றேன். அது முடிந்தது.

மாலையில் நீலஸ் வந்து, வண்டியை எடு என்றான். ஆற்றுப் பனியில் என்னை ஓட்டச் சொல்லி, கையைத் தூக்கினால் நிறுத்தச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். ஒரு தடவைகூட இரண்டாவது இழுப்பு தேவைப்படவில்லை. "இருபத்தஞ்சாம் தேதி கெளம்பறோம். தாமதமா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன்" என்றான். போகிற போக்கில், "மச்சானுக்கு எழுதறியா?" என்று கேட்டான். எழுதுகிறேன் என்றேன். "ம்" என்றான். அவனைப் பொறுத்தவரை அது நீளமான செய்தி.

ஆக, போகிறேன். என் மான்களோடு நானே போகிறேன்.

இனி உனக்கு எழுத எனக்கு எந்தக் கோளாறும் மிச்சமில்லை. ஆனாலும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், பார்.

ரவ்னா

*

ஏப்ரல் 19
துறைமுகம்

ரவ்னா,

ஊரில் போட்டதால் உன் கடிதம் மூன்றே நாளில் வந்துவிட்டது. எங்கள் முதலாளியின் மைத்துனர் இன்று உங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

படித்து முடித்ததும் கீழே போய் ஒரு படகின் இன்ஜின் அறையில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். அங்கேதான் யாரும் வந்து என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார்கள். நீ அதைச் சொன்னபோது நான் அந்த அறையில் இல்லையே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை. உன் குரல் வகுப்பறைக் குரலாக ஆனது என்கிறாயே, அதைக் கேட்டிருக்க வேண்டும்.

தூர்வாலிடம் மூன்று வாரம் லீவு கேட்டேன். காட் மீன் பருவம் முடிந்துவிட்டது, இருந்தாலும் முகத்தைச் சுளித்தார். "மானுக்காகப் போறியா, பொண்டாட்டிக்காகப் போறியா?" என்றார். "ரெண்டும் ஒரே வழியிலதான் வருதுங்க" என்றேன். "அப்ப ஒண்ணு தப்பினாலும் இன்னொண்ணு கெடைக்கும், போய்த் தொலை" என்றார்.

நீ கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. நீங்கள் நெடுஞ்சாலையைக் கடக்கும் நாள் மட்டும் தெரிந்தால் போதும். பேருந்தில் வந்து இறங்கிக்கொள்கிறேன். மந்தையின் பின்னால் நடக்க ஒரு ஆள் எப்போதும் தேவைப்படுவான். நீ வேண்டாம் என்றால் அதையும் எழுது, பேருந்தில் ஏற மாட்டேன்.

ஒரே சிக்கல். என்னிடம் கடல் பூட்ஸ்தான் இருக்கிறது. பனியில் அரை நாள் தாங்காது. என் தோல் பூட்ஸ் உன் களஞ்சியத்தில் இருக்கும், தூக்கி எறிந்திருக்காவிட்டால்.

ஆந்தரஸ்

*

ஏப்ரல் 24
ஊர்

ஆந்தரஸ்,

உன் முதலாளியின் மைத்துனர் திரும்புகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நாளை புறப்படுகிறோம். திங்கட்கிழமை, 30ஆம் தேதி, அதிகாலையில் நெடுஞ்சாலையைக் கடப்போம். உன் பேருந்து அங்கே வரும்போது மணி பத்தாகிவிடும். அதற்குள் நாங்கள் போயிருப்போம். உனக்காக நிற்க முடியாது, பசுக்கள் நிற்க மாட்டா. நின்று கூட்டிப்போவேன் என்று எதிர்பார்த்து இறங்காதே.

பாலத்துக்கு அப்பால் இரண்டாவது வளைவில் இறங்கு. அங்கிருந்து வடமேற்கே தடம் போகும். எழுநூறு மான் நடந்த தடம், கடல்காரனுக்கும் தெரியும். ஐந்து கிலோமீட்டரில் கூடாரம் இருக்கும். பகலில் மான்கள் படுத்திருக்கும், நாங்களும் அங்கேதான் இருப்போம். நீலஸ் உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறான். சிரிக்காமல் கேள்.

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதே. சரிசெய்ய ஒன்றும் இல்லை.

பூட்ஸை எறியவில்லை. கதகதப்புக்கு உள்ளே போட்டிருந்த புல் நைந்து போயிருந்தது. புதுப்புல்லை எடுத்துச் சீவி, அடுப்பின் மேல் உலர்த்தி, இரண்டிலும் கணுக்கால் வரை அடைத்து வைத்திருக்கிறேன். சாலையோரத்தில் பனியளக்க நட்ட கம்பங்கள் இருக்குமே, நீ இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே உள்ள கம்பத்தில், நரிக்கு எட்டாத உயரத்தில், வாரைக் கட்டித் தொங்கவிடுகிறேன்.

மாட்டிக்கொண்டு நட.

ரவ்னா